ஏழு முறை ஒட்டிய தாள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, என் கண்ணுக்குச் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மை இல்லை. உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக அப்படிச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப்போவதாகவும், பழுது பார்க்கும் விஷயத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். நீ வாங்கிய இந்த வீட்டை ஒன்பது வருடமாக நான் பார்த்துக்கொள்வதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாய், எனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்தது. தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய் சொட்ட ஆரம்பித்த அன்றே வாஷரை மாற்று, இறுக்கி மூடிச் சமாளிக்காதே, மரை தேய்ந்துபோகும். சுவரில் ஈரம் தெரிந்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும் என்று எண்ணாதே, தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து இன்னோர் இடத்தில் எட்டிப்பார்க்கும். ஈரம் காயாமல் பெயின்ட் அடித்தால் மூன்றாவது மாதமே தோல் உரிந்த மாதிரி ஆகிவிடும். மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தண்ணீர் போகும் துளைகளைக் கையை விட்டுப் பார், கண்ணால் பார்த்தால் போதாது. சுவிட்சைத் தொட்டால் சூடு தெரிந்ததென்றால் அன்று வேறு வேலை எதுவும் பார்க்காதே. குடியிருப்பவர் வீட்டுக்கு எப்போதும் சொல்லிவிட்டுப் போ, கதவைத் தட்டிவிட்டு நில். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்த ஒன்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாடியில் தையல்காரர் குடும்பம் வந்து நான்கு வருடம் ஆகிறது, நீ வந்திருந்தபோது உன் ரவிக்கையைக்கூட அவர்தான் பிடித்துக் கொடுத்தார். அவர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மிகவும் நல்ல மனிதர்கள், ஒரு நாளும் இது சரியில்லை அது சரியில்லை என்று வந்து நின்றதில்லை, இப்படி ஒரு குடும்பம் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று உன்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் பொறுப்பாளனாக இருந்த பழக்கத்தில் வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன் அல்லவா, தேதி, பொருள், பழுது என்று மூன்று பத்தி, நான்காவது பத்திக்கு 'காரணமானவர்' என்று தலைப்பு. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் உடைந்தால் உடைத்த பையனின் பெயரை அப்படித்தான் எழுதுவோம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, பத்தி காலியாக இருந்தால் எனக்குக் கை உறுத்தும், அவ்வளவுதான். அவர்கள் வந்த புதிதில் சமையலறைத் தாழ்ப்பாள் கழன்றது என்று அந்தம்மா வந்து சொன்னபோது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யார் கைபட்டுக் கழன்றது என்று கேட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் கேட்டேன், எனக்கு உரக்கக் கேட்க வராது என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் எந்தப் பழுதும் சொல்ல வரவில்லை. பழுதே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன வெயில் காலத்தில் தண்ணீர் போதவில்லை என்று மேலே இரண்டாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றைப் புதிதாக வைத்தோம். அது மாடியின் பின்னறைக்கு நேர் மேலே இருக்கிறது. தையல் மெஷின் இருப்பதும் அந்தக் குழந்தைகள் படுப்பதும் அதே அறையில். நான்கு மாதம் கழித்து ஒரு வேலையாக நான் மேலே போனபோது அறையின் கூரையில் முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், மெல்லிய வெள்ளைத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே பசை தடவி ஒட்டி, தாளில் தேதியும் எழுதினேன். விரிசல் வளர்ந்தால் தாள் கிழியும், கிழியாவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கதவைத் தட்டி, உள்ளே போய், நாற்காலியில் ஏறிப் பார்ப்பேன். எட்டு மாதமும் தாள் முழுசாக இருந்தது. நோட்டில் எட்டு முறை 'அசைவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்தம்மா ஒவ்வொரு முறையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், விழுந்துவிடப் போகிறேன் என்ற கவலை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினேன். தாளின் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நான் தாளை அடிக்கோல் வைத்துக் கிழிப்பவன், ஓரத்தில் பிசிறு இருக்கும். இது கத்தரிக்கோலால் வெட்டியது. தேதி என்னுடையதுதான், கையெழுத்து என்னுடையது இல்லை. கீழே இறங்கி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் மெஷினை நிறுத்தி எழுந்து நின்றார். "ஐயா, மொதல்ல கிழிஞ்சப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன். நோட்டுல எங்க பேர எழுதிருவீங்க, வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவீங்கன்னு இவ பயந்துட்டா. அதான் அதே மாதிரி வெட்டி, அதே தேதியப் போட்டு ஒட்டிட்டேன்" என்றார். எத்தனை தடவை என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். ஏழு என்று அந்தம்மா சொன்னார். முதல் முறை நான்கு மாதம் தாங்கியதாம், கடைசியாகக் கிழிந்தது ஆறே நாள்.

அன்றே கொத்தனாரை அழைத்து வந்தேன். கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார், அங்கே காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். பூச்சைக் கொஞ்சம் கொத்தியதும் பாய் அகலத்துக்கு ஒரு பாளமே விழுந்தது, பெரிய பெண் தலை வைத்துப் படுக்கும் இடத்தில். உள்ளே கம்பிகள் துருப்பிடித்து உப்பி, தொட்டால் செதில் செதிலாக வந்தன. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் இத்தனை நாளும் கூரைக்குள் இறங்கியிருக்கிறது. கொத்தனார் கருவிகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இத நான் தொட மாட்டேன் சார். இன்ஜினியரக் கூப்பிடுங்க. இன்னிக்கே ஆளுங்களக் கீழ எறக்கிருங்க" என்றார். பிறகு, யார் இங்கே தொட்டி வைக்கச் சொன்னது என்று கேட்டார்.

நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ போனில், யோசிக்காமல் பெரிய தொட்டியாக வைத்துவிடுங்கள் அப்பா என்றபோது, இரண்டு டன் எடையை அந்தக் கூரை தாங்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, அப்பா எதற்கெடுத்தாலும் இழுக்கிறார் என்று சலித்துக்கொள்வாயோ என்று நினைத்துவிட்டேன். தையல்காரரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, நீயே சொல். உன் அம்மாவோ, "உங்களப் பாத்துக்கூடப் பயப்பட ஊர்ல ஒரு ஆள் இருக்காருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தொட்டியை அன்று மாலையே காலி செய்தாயிற்று. பின்னறைக்கு நான்கு இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறது. மாடியில் நிற்கும் முட்டு நம் கூடத்தின் கூரையைத்தான் மிதித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் கீழேயும் முட்டு வேண்டும் என்று கொத்தனார் சொன்னார், அவரிடம் வேறு இல்லை, நாளைக்குக் கொண்டுவருவார். இன்ஜினியர் அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை தையல்காரர் குடும்பம் மெஷினோடு நம் கூடத்தில் இருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரோரம் உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறார்கள். நான் நம் கூடத்து உத்தரத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், இரண்டு நாளாக முழுசாக இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு இப்போதும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபது முறை பார்த்தாயிற்று என்று அம்மா எண்ணிச் சொல்கிறாள்.

எனவே நீ அங்கே வீடு வாங்கினால் அப்பா சொன்னதில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறந்துவிடாதே. ஒருவர் பழுதென்று வந்து சொன்னால் முதலில் உட்காரச் சொல். யாரால் என்று கேட்காதே, எப்போதிலிருந்து என்று மட்டும் கேள். சொல்ல வருகிறவரால் வீடு கெடுவதில்லை. ஆறு மாதம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை என்றால் நீயே படியேறிப் போ. நான் சொல்வது சரிதானா என்று இப்போதும் எனக்கு ஐயம்தான், ஆனால் சொல்லாமல் இருப்பதை இனி என்னால் செய்ய முடியாது.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் மன நிம்மதியோடும் வாழ வேண்டும். நீ வாங்கப்போகும் வீட்டின் கூரைமேல் என்ன இருக்கிறது என்பதை உன் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

எந்நாளும் உன் நலம் வேண்டும்
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது கூடத்தில் மெஷின் சத்தம் நின்றது. தையல்காரர் வந்து கதவருகே நின்றார். "ஐயா, உத்தரத்துல ஒட்டினது கிழிஞ்சிருச்சு. நாங்க யாரும் தொடல ஐயா" என்றார். போய்ப் பார்த்தேன், நடுவில் கிழிந்திருக்கிறது, இடைவெளியில் ஒரு நெல்மணி போகும். எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டேன். இதைத் தெருவில் எதிர்க்கடை மேசைமேல் வைத்து எழுதுகிறேன். அம்மா குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தையல்காரர் மெஷினை எடுக்க உள்ளே போகப் பார்த்தார், வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மனிதரைக் கத்தி நிறுத்தினேன்.