கிரான்காரியின் அலவாங்கு

2024 பெப்ரவரி 11

ஏறாவூர் அஹமட் நானாவின் பழைய இரும்புக் கடையில் இன்று நல்ல சாமான் ஒன்று அகப்பட்டது. ஒரு லொறியின் முறிந்த அச்சுக்கம்பி. இரண்டு விரல் தடிப்பு. தட்டிப் பார்த்தேன், கோயில் மணி மாதிரிச் சத்தம். "எந்த ரோட்டில ஓடினதோ தெரியா தம்பி, உருக்கு உருக்குத்தான்" என்றார் நானா. மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்கே கட்டிக்கொண்டு சித்தாண்டி வந்து சேர்வதற்குள் ஒரு ஆட்டோக்காரரும் ஒரு மாடும் என்னை முறைத்துவிட்டார்கள்.

பக்கத்து வளவிலிருந்து சோறு கொண்டுவந்த தங்கச்சி பிரஷாந்தி, "இது என்னத்துக்கு அண்ணன்?" என்றாள். இன்னும் தெரியாது என்றேன். "நாப்பத்தொரு வயசுல வீட்டுக்கு ஒரு பொம்புள வரணும். இரும்பு வந்துகொண்டிருக்கு" என்றாள்.

பெப்ரவரி 13

தெரிந்துவிட்டது. கிரான் பாலத்துக்கு அப்பாலிருந்து என் பட்டறைக்கு ஒரு பெண் வந்தார். பெயர் வசந்தாதேவி. கொப்பறா காயவைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறாராம். கடையில் வாங்கிய அலவாங்கு வளைந்துவிட்டது; நிலத்தில் நட்டுத் தேங்காய் உரிக்க வளையாத ஒன்று வேண்டும் என்றார். வளைந்ததைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கேள்விக்குறி மாதிரி நின்றது.

"இதால தேங்கா உரிக்க ஏலா அண்ணன், மாங்கா பறிக்கத்தான் சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றதில் சிரிக்காமலே விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 16

அச்சுக்கம்பியை அடித்தேன். வசந்தாதேவி தன் எண்ணெய் வீட்டில் மிஞ்சும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு ஒரு சாக்குக் கரி கொண்டுவந்திருந்தார். நல்ல சூடு. கம்பி வாழைத்தண்டு மாதிரி இளகியது. தலைமாட்டைத் தட்டையாக, வேல் மாதிரி இழுத்தேன். அடிப்பக்கத்தை மண்ணில் இறங்கக் கூராக்கினேன்.

அவர் போகாமல் இருந்து பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. கதைத்துக்கொண்டே பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்து விற்கிறாயா என்று கேட்ட ஒரு பெரியவரின் கதை. அவருக்கு முன்னாலேயே இவர் விளக்கில் ஊற்றிக் கொளுத்திக் காட்டினாராம். "விளக்கு எரிஞ்சிது. அவர்ர முகம்தான் அணைஞ்சி போச்சி."

இந்த முறை சிரித்துவிட்டேன்.

பெப்ரவரி 17

கொடுத்தாயிற்று. பட்டறை என்னவோ பெரிதாகத் தெரிகிறது.

பெப்ரவரி 24

அவமானம். அலவாங்கின் நுனி உடைந்துவிட்டது. வளையவில்லை, உடைந்தே போனது — கண்ணாடி மாதிரி. தெறித்த துண்டு அவருடைய மணிக்கட்டைக் கிழித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தையல். கட்டுப்போட்ட கையோடு பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. பழுக்கவைத்து எண்ணெயில் தோய்த்தால் உருக்கு இறுகும். இறுகினது அப்படியே நின்றால் உடையும். திரும்ப மெல்லச் சூடுகாட்டி, வைக்கோல் நிறம் தாண்டி ஊதா ஏறும்போது எடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. அன்றைக்கு நான் நிறத்தையா பார்த்தேன்? விளக்குக் கதை கேட்டுக்கொண்டு நின்றேன். இருபது வருசத் தொழில்! சின்னப் பிள்ளைகூட விடாத பிழை!

"பிழை என்னிலதான்" என்றேன்.

"அதுக்கென்ன அண்ணன், கை ஆறிரும். கல்யாண வீட்டுக்குத் தேங்கா உரிச்சிக் குடுக்கிறெண்டு சொல்லிப்போட்டன். அதுதான் யோசின. உரிக்கிற பொடியனும் கட்டாருக்குப் போயிட்டான்."

நான் வந்து உரித்துத் தருகிறேன் என்று சொன்னது என் வாய்தான். கேட்டதும் எனக்கே திடுக்கென்றது.

பெப்ரவரி 25

நுனியை விடியற்காலையிலேயே திரும்ப அடித்தேன். இந்தத் தடவை நிறத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அவர் வளவில் கொண்டுபோய், சற்றுச் சாய்வாக, இடுப்பளவில் நுனி நிற்க நட்டேன்.

இத்தனை வருசத்தில் எத்தனை அலவாங்கு அடித்திருக்கிறேன். ஒன்றிலாவது தேங்காய் உரித்துப் பார்த்தேனா? முதல் தேங்காயைக் குத்தினேன். நுனி மட்டையில் புதைந்தது. இழுத்தேன், வரவில்லை. அலவாங்கோடு சேர்த்துத் தேங்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது கையை விட்டு நழுவிப் போய் ஆட்டுக்குட்டியை விரட்டியது. வசந்தா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிக்கிறார்.

"குத்தாதீங்க, சாய்ச்சி விடுங்க! குத்தினவுடன கீழ அமத்துங்க. தேங்காவோட கோவிக்காதீங்க அண்ணன், அது ஒண்டும் செய்யல்ல."

மத்தியானத்துக்குள் கை பழகியது. பொழுது சாயக் குவியல் முடிந்தது. கல்யாண வீட்டு ட்ரக்டர் வந்து ஏற்றிப்போனது. பாரைக்கருவாட்டுச் சொதியும் சோறும் தந்தார். கணவர் மகள் சின்னவளாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார் என்று, சோறு போட்டபடியே, கறிக்கு உப்புக் காணுமா, போடவா என்று கேட்கிற குரலில் சொன்னார். காணும் என்றேன். உப்பைத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 26

சுத்தியலைத் தூக்க முடியவில்லை. தோள் இரண்டும் வேறு யாருடையதோ. சந்தோசமாக இருக்கிறது. ஏன்?

ஏப்ரல் 15

சித்திரை வருசம் பிறந்து மறுநாள். கிரானிலிருந்து ஒரு பெட்டி பலகாரம் வந்தது. கொண்டுவந்தவர் அவரே. மணிக்கட்டில் வெள்ளை வடு மட்டும்.

அவர் போனபின் பிரஷாந்தி பலகாரத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணன், ஒண்டு கவனிச்ச நீங்களா?"

"என்ன?"

"அவ முந்தி உங்கள அண்ணன் எண்டு கூப்பிட்டவ. இண்டைக்கு வந்தும் போயும் ஒருக்காலும் கூப்பிடல்ல."

கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன். இனி எப்படி வேலை செய்வது!

ஜூன் 3

அலவாங்கைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்தார். சாணை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை; தேங்காய் உரிக்கிற அலகு மொட்டையாகத்தான் இருக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிடித்துக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 22

கோயில் திருவிழா. அர்ச்சனைக் கடைகளுக்கெல்லாம் வசந்தாவின் தேங்காய்தான். நானும் தூக்கிக் கொடுக்கப் போனேன். அங்கே அவர் மகள் விதுசா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளை. தாயை விட உயரம், தாயைப் போலவே நேராகப் பார்க்கிற கண். கடலைக்காரருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி வைத்து விசாரித்தாள்.

"நீங்க குடிக்கிறீங்களா?"

"இல்ல."

"சிகரெட்?"

"பட்டறைப் புகையே காணும்."

"அம்மாட கையில காயம் வந்தது உங்கட அலவாங்காலதானே?"

"ஓம்."

மறைக்க ஒன்றுமில்லை. அவள் சுருளிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். பிறகு, "அம்மா அந்தக் காயத்தப் பத்திச் சொல்லேக்க சிரிக்கிறா. அதுதான் எனக்கு விளங்கல்ல" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கடலைச் சுருளை என்னிடம் நீட்டினாள். எனக்கா, பிடித்துக்கொள்வதற்கா என்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

செப்டெம்பர் 9

எங்கே போனாலும் மூன்று பேர் கேட்கிறார்கள், கிரானில் என்ன வேலை என்று. அலவாங்கு வேலை என்கிறேன். ஒரே அலவாங்கா என்கிறார்கள்.

நவம்பர் 27

மழை விடவில்லை. கிரான் பாலம் தண்ணீருக்குள். தொலைபேசியும் எடுபடவில்லை. பட்டறையில் இருக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். சீனித்தம்பி அண்ணரின் தோணியில் சனங்களை ஏற்றி இறக்குகிறார்கள். நானும் ஏறினேன். "ஆரப் பாக்கப் போறாய்?" என்றார். தோணியில் இருந்த எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "வசந்தாவ" என்றேன். சொல்லிவிட்டேன். தோணி கவிழவில்லை.

வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர். எண்ணெய் வீட்டுக் கூரையில் ஒரு பக்கத்தைக் காணவில்லை. கொப்பறா மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் அடுக்கி, அதற்கு மேல் ஆட்டுக்குட்டியை ஏற்றிவிட்டு, அவர் வாசலில் நின்றார். தோணியைக் கட்ட மரம் ஒன்றும் கிட்டவில்லை. வளவு நடுவில் அலவாங்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. அதில் கயிற்றைச் சுற்றினோம். அசையவில்லை. சீனித்தம்பி அண்ணர் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆர் அடிச்சது?" என்றார். பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

மூட்டைகளைத் தோணியில் ஏற்றினோம். கடைசி மூட்டையை இரண்டு பேருமாகத் தூக்கும்போது வசந்தா மெதுவாகச் சொன்னார்:

"மழ விட்டவுடன உங்கட தங்கச்சிய ஒருக்கா வரச் சொல்லுங்க. கதைக்கோணும்."

"என்னத்தப் பத்தி?"

"ஐயோ கடவுளே. மூட்டையப் பிடிங்க."

நவம்பர் 28

வசந்தாவையும் ஆட்டுக்குட்டியையும் பிரஷாந்தி வீட்டில் விட்டிருக்கிறது. தங்கச்சிக்கு மழை விடும்வரை பொறுமை இல்லை. தேத்தண்ணியைக் கையில் கொடுத்த உடனேயே, "எப்பக்கா வாறீங்க, ஒரேயடியா?" என்று கேட்டுவிட்டாள். நான் அடுப்பங்கரைக்கு வெளியே நின்றேன். பதில் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்தது. இரண்டு பேருடைய சிரிப்பு.

டிசம்பர் 19

வெள்ளம் வடிந்தது. எண்ணெய் வீட்டைத் திரும்ப அங்கே கட்டுவதில்லை, பட்டறைக்குப் பக்கத்தில் போடலாம் என்று முடிவு. ரோட்டோரம், வியாபாரத்துக்கும் நல்லது — இது வசந்தா சொன்ன காரணம். வேறு காரணத்தை நானும் கேட்கவில்லை.

அலவாங்கைப் பிடுங்கப் போனேன். வெள்ள மண் இறுகி, விட மறுத்தது. விதுசாவும் நானும் சேர்ந்து ஆட்டி ஆட்டி எடுத்தோம். இரண்டு பேரும் சேற்றில் குந்திவிட்டோம். "மாமா, ஆரும் களவெடுக்க ஏலாத மாதிரி நட்டிருக்கீங்க" என்றாள்.

மாமா என்றாள்.

2025 ஜனவரி 30

தை பிறந்து நல்ல நாள் பார்த்து, கோயிலில் தாலி. கூட்டம் இல்லை. அஹமட் நானா வந்து வெளியே நின்று வாழ்த்திவிட்டு, பழைய இரும்பு வந்தால் எடுத்து வைக்கிறேன் என்றார். பிரஷாந்தி ஒரேயடியாக அழுதாள், ஒரேயடியாகச் சாப்பிட்டாள்.

மே 18

தேங்காய் மட்டை உருக்கையும் தின்னும் என்பது எனக்குப் புதிது. அலவாங்கின் அலகு தேய்ந்து நாக்கு மாதிரி ஆகிவிட்டது. அடியில் வெள்ளத் துருவும் ஏறியிருக்கிறது. தேய்ந்த பக்கத்தை வெட்டி, லொறி ஸ்பிரிங் பட்டையில் புது அலகு அடித்து ஒட்டினேன். வெட்டின துண்டைத் தட்டி ஒரு சின்ன உளியாக்கினேன். துளை போட நல்லது. இரண்டு தரம் உருமாறியும் அந்தக் கம்பிக்குச் சத்தம் குறையவில்லை.

வசந்தா ஒரு தேங்காய் உரித்துப் பார்த்தாள். "கட்டையாப் போச்சி, குனியோணும்" என்றாள். நான் அடியில் சீமெந்துக் கல் வைத்து உயர்த்தினேன். இப்போது சரி என்றாள். நான் நிறம் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. பாவம், என்ன பாடு பட்டிருப்பாள்.

ஜூலை 6

காலையில் ஒருவர் மண்வெட்டி ஒன்றைப் பிடி போடக் கொண்டுவந்தார். "மேசன் மாதிரிக் காத்திருக்க வைக்கிறாரே, ஆள் எங்க?" என்று வாசல் படலையில் நின்று சத்தம் போட்டார். எண்ணெய் வீட்டுக்குள்ளிருந்து வசந்தா பதில் சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க. அவர் சாப்பிடுறார்."

உண்மைதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு இடியப்பம் எடுத்துக்கொண்டேன்.