மிக்ஸி ஜாரைத் தேடாதே

ஜான்சி,

மிக்ஸி ஜாரைத் தேடாதே. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

நீ காலை ஜெபத்துக்குப் போனதும் உன் போன் அடித்தது. எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் கீழ்க்கட்டளையிலிருந்து உன் தங்கை, "என்னக்கா, ஜூஸ் குடிச்சியா? மார்ல இருந்த கட்டி கொஞ்சமாவது கரைஞ்சுதா? மாமா காதுல போட்டுடாத, மானம் போச்சுன்னு குதிப்பாரு" என்கிறாள்.

நீ ஜூஸ் போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று, "பிரஷருக்கு நல்லதுங்க" என்று எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாய். நானும் மடையன் மாதிரி தினமும் குடித்தேன்.

பீட்ரூட்டும் கேரட்டும் கட்டியைக் கரைக்கும் என்று எந்த டாக்டர் சொன்னார்? நீ போனில் பார்க்கும் வீடியோவில் சொன்னவளா வந்து உன்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள்?

வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று நாற்பது வருடமாகச் சொன்னவன் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னிடமே மறைப்பாயா?

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் எடுக்கப் போகிறேன். பெண் டாக்டர்தான். பதினொரு மணிக்கு ஆட்டோவோடு வருவேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது, சாப்பிட்டுத் தயாராக இரு. மீதிச் சண்டையை ஆட்டோவில் போட்டுக்கொள்ளலாம்.

ஏசுபாதம்

பி.கு: நறுக்கி வைத்த பீட்ரூட்டைப் பொரியல் செய்துவிடு.

இன்னொன்று. டோக்கன் கொடுக்குமிடத்தில் என்ன தொந்தரவு என்று வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் கேட்பார்கள். நானும் சத்தமாகவே சொல்லப்போகிறேன். திரும்பிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.