அரைப்பென்னியில் ஒரு முகம்

பர்மிங்காம், மார்ச் 1782

பிரியமுள்ள கணவருக்கு,

வுல்வர்ஹாம்ப்டனில் பொத்தான் அச்சு வெட்டுவதாக எழுதியிருந்தீர்கள். நம்பினேன்.

நேற்று ரொட்டிக்கடை டிரான்டர் ஒரு செப்பு அரைப்பென்னியைக் காட்டினார். "கள்ளக் காசும்மா. எடை குறைச்சல், ஓரம் மெலிசு, ராஜா மூக்குகூட மழுங்கல். ஆனா பின்னால உக்காந்திருக்கிற பிரிட்டானியா தேவியை மட்டும் எவனோ உசிரைக் கொடுத்து வெட்டியிருக்கான்!" என்று சிரித்தார்.

திருப்பிப் பார்த்தேன். நல்ல காசில் அவளுக்கு முகமென்று சொல்லும்படி ஒன்றும் இராது. இதில் இருந்தது. அகன்ற நெற்றி, தூக்கிய மோவாய். எதிர்வீட்டுத் தையல்காரி டார்கஸேதான். அவளும் ஒரு மாதமாக ஊரில் இல்லை; அத்தைக்கு உடம்பு சரியில்லையாம்.

மாலையில் கான்ஸ்டபிள் அதே காசோடு வந்தார். "உன் புருஷன் வேலையா இது? மறைச்சா உனக்கும் ஜெயில்தான்."

பதினோரு வருஷம் பார்த்த கை. எனக்கா தெரியாது?

"அவருக்குப் பொம்பளை முகம் வெட்டவே வராதுங்க. கல்யாணமான புதுசுல என் முகத்தை வெட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். வராதுன்னுட்டார்" என்றேன். கான்ஸ்டபிள் போய்விட்டார்.

அன்று நீங்கள் எனக்குச் சொன்னதைத்தான் அவரிடம் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார்.

இன்னும்,
உங்கள் மனைவி