பால்மா டின்னில் பதினொரு ரிலே

யூலை 9, புதன்

இன்றும் ஸ்டியரிங் செத்தது. பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாகரைக்குப் போகிற வழியில். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அடுத்த நிமிடம் ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது. ஓரம் கட்டி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் சுழல்கிறது. பதினேழாவது தடவை. ஓட்டமாவடியில் தேநீர் குடித்துக் கிளம்பி நாற்பத்தொரு நிமிடம். போன தடவை நாற்பது. அதற்கு முந்தியது நாற்பத்திரண்டு.

இறால் பண்ணைகளில் உப்பு அளந்து எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் இதையும் எழுதி வருகிறேன். “வேற ஆக்களெண்டா பயத்தில காரை வித்திருப்பாங்க. நீ கொப்பியோட இரிக்காய்” என்றார் ரதீஸ். கட்டின மனிசியைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் அவருக்கு. எனக்குப் பயமில்லை. ஏன் நாற்பது நிமிடம் என்பதுதான் மண்டையைக் குடைகிறது.

யூலை 14, திங்கள்

கார் விற்ற கொழும்புக் கம்பனிக்கு ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தது. “உங்கட பக்கம் வாவிக்கரை, மெடம். உப்புக்காத்து. தயாரிப்புக் குறை இல்ல.”

உப்பாம். பதினொரு வருடமாக இந்த வாவியின் உப்பை அளந்து சம்பளம் எடுக்கிறவளிடம்!

யூலை 20, ஞாயிறு

ஏறாவூரில் ஒரு வீட்டு முற்றத்தில் என் கார் நின்றது. அதாவது அதே மாடல், அதே நிறம், மேலே கட்டில் விரிப்பு போர்த்தியிருந்தது. சும்மா போக முடியுமா? கதவைத் தட்டினேன்.

நஸ்ஹா என்று ஓர் ஆசிரியை. பதுளை வீதியில் படிப்பிக்கிறாள். மே மாதம் பாடசாலை வாசலில் ஏதோ கொடுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே திரும்பும்போது வளைவில் ஸ்டியரிங் இறுகி, கார் வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டதாம். நெல்லும் சேறும் தாங்கியதால் ஆளுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறாள்.

“காத்தான்குடிக் கராஜ் பக்கீர் நானா செஞ்சு தந்திட்டார் அக்கா. ஆனா நான் தொடமாட்டன். நினைச்சாலே கை நடுங்குது.” கையை நீட்டிக் காட்டினாள். உண்மையாகவே நடுங்கியது.

கொப்பியில் அதை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

தேடத் தேட, அதே மாடல் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். எல்லோருக்கும் அதே நாற்பது நிமிடம். வாவியையே காணாத மகாஓயாக்காரர் ஒருவருக்கும்! ஒன்றாகக் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்துக்கு இன்று பதில்: ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முத்திரை உடைந்திருந்தால் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மற்றப் பதினொரு பேரும் பக்கீர் நானாவிடம் பெட்டியைத் திறந்து பழுது பார்த்தவர்கள். திறக்காதது என்னுடையது மட்டும்.

ஓகஸ்ட் 19

எனக்கு மட்டும் புதுப் பெட்டி தருவார்களாம், பன்னிரண்டு பேரின் கோரிக்கையை மீளப் பெற்றால். “வாங்கிட்டு வேலையைப் பாரு” என்கிறார் ரதீஸ். நஸ்ஹாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும்போதே வாங்கிவிட்டது மாதிரி இருக்கிறது. சீ.

செப்டெம்பர் 6, சனி

பக்கீர் நானாவின் கடைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன்.

“ஏன் நானா எல்லாத்தையும் திறந்தீங்க? இப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் கிடைக்காது.”

அவர் உள்ளே போய் ஒரு பால்மா டின்னோடு வந்தார். கொட்டினார். பதினொரு கடதாசிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் வாகன இலக்கம். பிரித்தால் உள்ளே ஒரு கறுப்பு ரிலே, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சு, பெருவிரல் நுனியளவு.

“கழட்டின சாமான எடுத்துப் போங்க எண்டு எல்லாருக்கும் சொன்னன், தங்கச்சி. ஒருத்தரும் எடுக்கல்ல. எறியிறத்துக்கு நான் ஆரு? இது அமானிதம். நம்பித் தந்த ஆக்கள்ர சொத்து.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் ஒரே இணைப்புக் கால் கருகியிருக்கிறது, இடப்பக்கம் மூன்றாவது. உப்புப் பட்டிருந்தால் பச்சைக் களிம்பு பிடித்திருக்க வேண்டும். துளி பச்சை இல்லை. பதினொன்றிலும் அச்சிட்ட தொகுதி எண்ணும் ஒன்றே. சூடேறச் சூடேற அந்தக் கால் விட்டுவிடுகிறது. அதற்குத்தான் நாற்பது நிமிடம்! கடை நடுவில் நின்று சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

“நான் மாத்திப் போட்ட புதுசும் அதே சூட்டுலதான் கிடக்கும். எத்தின மாசம் தாங்குமோ தெரியா. பெட்டியே மாறணும்” என்றார்.

டின்னைத் தாருங்கள், கொழும்புக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

“அவங்களக் கேக்காம ஏலா.”

செப்டெம்பர் 21, ஞாயிறு

பெருவிரல் நுனியளவு குப்பைக்காகப் பதினொரு வீட்டுப் படியேறி அனுமதிக் கையெழுத்து வாங்கி முடித்தேன். நஸ்ஹாவிடம் ஓகஸ்ட் 19ஐயும், வேண்டாம் என்று கம்பனிக்கு எழுதிவிட்டதையும் சொன்னேன். “நானெண்டா வாங்கியிருப்பன் அக்கா” என்றாள்.

ஒக்டோபர் 9, வியாழன்

ரிலேக்களின் படங்களும் கையெழுத்துகளும் கொழும்புக்குப் போனதும், கம்பனிப் பொறியியலாளர் பக்கீர் நானாவின் கடைக்கே வந்தார். அதற்குள் இருபத்தாறு தடவை செத்திருந்த என் பெட்டியை அவரே திறந்தார். இடப்பக்கம் மூன்றாவது கால். பிறகு டின். பன்னிரண்டையும் மேசையில் வரிசையாக வைத்து, தொகுதி எண்களைக் குறித்துக்கொண்டார். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

முத்திரை உடைந்ததோ இல்லையோ, பன்னிரண்டு பேருக்கும் புதுப் பெட்டி!

நவம்பர் 16, ஞாயிறு

புதுப் பெட்டி பூட்டிய காரின் விரிப்பை நஸ்ஹா எடுத்தாள். “நீங்க பக்கத்துல இரிங்க அக்கா. போதும்.”

பாடசாலை வரை போய், எஞ்சினை நிறுத்தாமலே திரும்பினோம். அவள் கை முதலில் நடுங்கியது, பிறகு நின்றது. மழை பெய்து வட்டை முழுக்கத் தண்ணீர். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதாவது நிமிடம் அந்த வளைவுக்குக் கிட்ட வந்துவிட்டோம்.

“அக்கா, ஏன் கதவ இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?”

குனிந்து பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன.

“பயமா?”

“ஓம்.”

“அப்ப அந்த இருபத்தாறு தடவையும்?”

“ஓம்” என்றேன். “இருபத்தாறு தடவையும்.”

அவள் சிரித்துக்கொண்டே வளைவில் திருப்பினாள்.