முரசு கேளாத கோட்டையிலிருந்து

மங்கலம் நிலைக்க. கயலாறு காக்கும் நீர்மருத நாட்டை ஆளும், காலஞ்சென்ற மன்னர் ஆரணனாரின் ஒரே மகள் அரசி கயல்நங்கை, எதிர்க்கரைக் கருங்குன்றக் கோட்டையின் அதிபதி வேழமாறனாருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டு மக்களும் கன்றுகாலிகளும் நலமுற வேண்டுகிறோம். உமக்கும் அவ்வாறு வேண்ட நா எழவில்லை, பொறுத்தருள்க.

மேற்கு நாட்டுக் குதிரைப்படை உம் மதிலைச் சூழ்ந்ததாகவும், விடியல் முதல் ஆபத்து முரசை அறைந்தும் எம் படகுப்படை வராதது ஏனென்றும் வினவிய உம் ஓலை கிடைத்தது. விடை எளிது. முரசு எம் செவியில் விழவில்லை.

உமக்கு மாலை சூட்ட யாம் மறுத்த நாள் முதல், ஆபத்துக்கென்றே அமைந்த அம்முரசை நீர் அந்திதோறும் வேடிக்கையாக அறைவித்தீர். நோயுற்றுக் கிடந்த எம் தந்தையார், அது அதிரும்போதெல்லாம் படை எழுக என்று முனகியபடி படுக்கையிலிருந்து எழ முயன்றார். நிறுத்துமாறு எம் தூதர் ஆதனார் வந்து இரந்தபோது, கிழவருக்குத் தாலாட்டு வேண்டுமானால் மகளை இங்கே அனுப்பட்டும், அவளைப் பாடச் சொல்கிறேன் என்று அவை சிரிக்கச் சொன்னீராம். அதை ஆதனார் தலைகுனிந்தே எம்மிடம் உரைத்தார்.

அன்றே தந்தையாரின் அறைச் சாளரத்தைச் சாத்தினோம், ஓசை குறையவில்லை. தடித்த திரையும் பயன்தரவில்லை. பிறகு யாமே கைவிளக்கை ஏந்திச் சாளர நிலையின் ஓரமாக மெல்ல நகர்த்தினோம். சுடர் நடுங்கிய இடமெல்லாம் மரத்துக்கும் சுவருக்கும் இடையே மயிரிழைப் பிளவு. உம் முரசு அவ்வழியே வந்துகொண்டிருந்தது. படகுப் பலகையின் இடுக்கை அடைப்பதுபோல், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசினில் பஞ்சுத் திரியைத் தோய்த்து, மழுங்கிய உளியால் பிளவுகளில் அழுத்தினோம். கதவு நிலையைத் தொடும் விளிம்பெங்கும் கம்பளத் துண்டுகளை ஒட்டினோம். குங்கிலியம் சுட்ட வடு எம் விரல்களில் இன்னும் உண்டு. அன்று தந்தையார் கண்ணயர்ந்தார். சில நாளில் இறந்தார், உறக்கத்தில் இறந்தார். அதன்பின் காவல்மாடம் உட்பட, கோட்டையின் எல்லாச் சாளரங்களையும் அவ்வாறே அடைப்பித்தோம்.

ஓலை கண்ட பின்பாவது வரலாகாதா என்பீர். முரசு கேட்டால் மட்டுமே படை எழ வேண்டும், ஓலை பொய்யாகவும் வரும் என்று, ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவ நாம் செய்த உடன்படிக்கையில் வற்புறுத்திச் சேர்த்தவர் நீரே. உம் சொல்லை மீற எமக்கு மனமில்லை.

ஆயினும் உம் மக்கள் எமக்குத் தீங்கிழைத்தவர் அல்லர். இவ்வோலையோடு எம் படகுகளும் உம் ஆற்றுவாயிலுக்குப் புறப்படுகின்றன. பெண்டிர், பிள்ளைகள், முதியோர், உமக்கு அஞ்சி முரசறைந்தோர் யாவரும் ஏறலாம். கண்டவுடன் வாயிலைத் திறந்துவிடுக. இது எம் ஆணை. உமக்கு மட்டும் படகில் இடமில்லை. முரசு உம்மிடமே இருக்கட்டும். கை ஓயும்வரை அறைவீராக.

மருதப்பூ இலச்சினை பொறித்து, எம் கையாலேயே கட்டி விடுத்தோம். இங்கே யாவரும் நன்றாக உறங்குகிறோம்.