பூச்சு கரையும் வரை

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மழை, காற்று. வார்டில் ஒரு ஜன்னல் சாத்துப்படாது. அதற்குக் கீழேதான் என் கட்டில். தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

கொண்டுவந்தவை: துவாய் இரண்டு, சார்ஜர், சோப், இந்தக் கொப்பி. மறந்தவை: சீப்பு, கண்ணாடிக் கூடு, பொறுமை.

கால் விவரம், பிறகு படித்தால் எனக்கே விளங்குவதற்காக: மாசியில் வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே முறிவு. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். வைகாசியில் சீழ். கழுவினார்கள், ஊசி போட்டார்கள், திரும்பக் கழுவினார்கள். சீழ் நிற்கவில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. சாட்சிக் கூட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. இப்போது வீட்டில் இருந்து சுவரைப் பார்க்கிற வேலை.

டொக்டர் வந்தார். பெரியவர், சிங்களவர், மெதுவாகப் பேசுபவர். கிருமி கம்பியின் மேல் பாசி மாதிரிப் படர்ந்துவிட்டதாம். ஊசி மருந்து இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும், அந்தப் பாசிக்குள் மட்டும் போகாதாம். பழைய கம்பியைக் கழற்றி, மருந்து பூசிய புதுக் கம்பி வைக்கப் போகிறார். பூச்சிலிருந்து மருந்து அந்த இடத்திலேயே கசியும். முதலில் நிறைய, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. பூச்சு கரையக் கரைய எலும்பு அங்கே பிடித்து வளரும். உறைக்குள் இருந்த மாதிரிக் கம்பி ஒன்றைக் கையில் தந்தார். மெல்லிய தேன் நிறம்.

மருந்தைப் பிடித்து வைத்திருப்பது மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவம் என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். மத்தியானம் சோறு, பருப்பு, முட்டை. முட்டையை எதிர்க்கட்டில் சுமனாவுக்குக் கொடுத்தேன். களனிக்காரி, வாய் ஓயாதவள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்தாயிற்று. மங்கையர்க்கரசி, அறுபது தாண்டியவர், யாழ்ப்பாணம். இனி ம. அக்கா. கூட மகள் கௌரி. கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். அக்காவை மோட்டார் சைக்கிள் அடித்தது. அங்கே கம்பி வைத்து, சீழ் பிடித்து, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் கதைதான், வாகனம் மட்டும் வேறு.

கௌரிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. "அம்மா அந்தக் காலத்திலை குருநாகலிலை வேலை செய்தவ. கொஞ்சம் தெரியும். இப்ப எல்லாம் மறந்துபோச்சு." ஆகவே சுடுதண்ணீர், பெட்பான், ஃபேன், எல்லாவற்றுக்கும் நான்தான் வாய்.

அக்காவுக்கும் முட்டை வந்தது. சுமனாவுக்கு இன்று யோகம்.

பின்னேரம் ஒரு வேடிக்கை. அக்கா கப்சூல் மருந்தை நகத்தால் பிரித்தார். தூளை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினார். வெறும் கோதைச் சோசரில் போட்டார். அது மிருக எலும்பில் செய்ததாம். யாரோ பார்மசிக்காரன் சொல்லிவிட்டிருக்கிறான். வாய் கசந்து முகம் கோணலாகிப் போனது. கேட்டால், "பழகிப்போச்சு பிள்ளை" என்கிறார்.

கௌரி வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள் (நான் சக்கர நாற்காலியில்). "நான் கைக்குழந்தையா இருக்கேக்கை மூளைக்காய்ச்சல். டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். பிள்ளை பிழைச்சா உயிருள்ள வரைக்கும் மச்சம் மாமிசம் வாயிலை வைக்கமாட்டன் எண்டு அம்மா நேர்த்தி வைச்சவ. கேக்கும் தொடமாட்டா, முட்டை கிடக்கும் எண்டு."

கௌரிக்கு வயது முப்பத்திரண்டு. நல்ல திடகாத்திரம்.

ஜூலை 6, ஞாயிறு

சலிப்பு. தம்பி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தான். சீப்பைக் கொண்டுவரவில்லை.

சுமனா, தன் புருஷன் கோழிக்கறி வைக்கப்போய்க் கோழியை உரிக்காமலே சட்டிக்குள் போட்ட கதையைச் சொன்னாள். சிங்களத்தில், நடித்துக் காட்டி. வார்டே சிரித்தது. ம. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பழைய கம்பியிலேயே வலி. எழுத மனமில்லை, ஆனால் எழுத வேண்டும்.

காலை ரவுண்ட். டொக்டர் ம. அக்காவின் கட்டிலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். பூச்சுக் கம்பி பற்றி விளக்கச் சொன்னார். அவர் ஒரு வசனம், நான் ஒரு வசனம். கௌரி பக்கத்தில், தாயின் கையைப் பிடித்தபடி.

பாசி சொன்னேன். கசிவு சொன்னேன். எலும்பு வளர்வது சொன்னேன். பூச்சு வேண்டாமென்றால் வெறும் கம்பி, கிழமைக்கணக்கில் ஊசி. இன்னொரு முறை சீழ் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பது பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்றார். அதையும் சொன்னேன். கௌரி அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், மூக்கால்.

பிறகு டொக்டர், "ஹரக் ஹமெங் கன்ன தெயக். ஏக்க கியன்ன" என்றார். மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது, அதைச் சொல்லுங்கள் என்று. நல்ல மனுஷன். இரண்டு தரம் சொன்னார்.

சோசரில் அன்றைய கோது கிடந்தது. பார்த்தேன்.

"ஒரு புரதத்திலை மருந்தைக் கலந்து பூசியிருக்கு. அது கரைஞ்சு போயிடும்" என்றேன்.

ம. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"அப்ப சரியெண்டு சொல்லும் பிள்ளை."

சொன்னேன். டொக்டர் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நீதிமன்றத்தில் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சாட்சி நீதவானைக் கழுதை என்றபோது, அதையும் நிமிர்ந்து நின்று கழுதை என்றே மொழிபெயர்த்தவள். இங்கே சத்தியம் ஒன்றும் எடுக்கவில்லை. இது நொண்டிச்சாட்டு என்று எனக்கே தெரியும். எனக்கு அந்தக் கால் போகக் கூடாது என்றிருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

தியேட்டர். நான் முதல், அக்கா அடுத்தது. முதுகில் ஊசி. சுத்தியல் சத்தம் கேட்டது, நோவு இல்லை. யாரோ கிரிக்கெட் ஸ்கோர் சொன்னார்கள்.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல். சத்தி எடுத்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில். காயம் இருவருக்கும் காய்ந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கிருமி இறங்குமுகம். டொக்டர் முதல் தரம் சிரித்தார். பல் வரிசை நன்று.

அக்கா உற்சாகமாக இருக்கிறார். திருநீறு, பொட்டு, தலைவாரல். கௌரி கொண்டுவந்த சீப்பை எனக்கும் தந்தார். ஆடிவேல் ஊர்வலம் வெள்ளவத்தையால் வரும்போது என் வீட்டு மாடியிலிருந்து பார்க்க வாருங்கள் என்றேன். "மாடியிலை நிண்டோ? நான் வேலுக்குப் பின்னாலை நடக்கப்போறன் பிள்ளை, பொல்லுப் பிடிச்செண்டாலும்."

இதைச் சொல்லிவிட்டுக் கப்சூலைப் பிரித்தார். கசப்பு, கோணல் முகம், சோசரில் கோது. ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்கு முன்னால். காலுக்குள்ளே மாட்டை வைத்துவிட்டு இந்தச் சின்னக் கோதுக்கு அவர் படுகிற பாடு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரவில் நித்திரையும் இல்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று தம்பியிடம் போனில் சொன்னேன். "உனக்கு நித்திரை வேணுமோ, அவவுக்குக் கால் வேணுமோ? பேசாமல் கிட" என்றான். கால்தான் தப்பிவிட்டதே என்றேன். வைத்துவிட்டான்.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன்.

பின்னேரம், கௌரி தேத்தண்ணி வாங்கப் போன நேரம். "அக்கா, அண்டைக்கு டொக்டர் சொன்னதிலை ஒண்டை நான் விட்டிட்டன். அந்தப் புரதம்..."

"மாட்டுத்தோல்" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"குருநாகலிலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலை இருந்தனான், கலியாணத்துக்கு முந்தி. ஏழெட்டு வருசம் காதிலை சிங்களம்தான். அது மறக்குமே?"

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சுமனாவின் கோழிக்கறிக் கதைக்குத் தோள் குலுங்கியது இருமலால் இல்லை. நான்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"நீர் சொல்லேல்லை. அதாலை நான் கேக்கேல்லை. மகள் பக்கத்திலை நிண்டு அழுறாள். தமிழிலை அந்தச் சொல் வந்திருந்தா நான் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன். நேர்த்தி அவளின்ரை உயிருக்கு வைச்சது. நீர் விட்டீர். கடவுளே விடுவிச்ச மாதிரி இருந்திச்சு." என் பக்கம் நன்றாகத் திரும்பினார். "இப்ப ஏன் சொன்னனீர்?"

"எனக்கு நித்திரை வரேல்லை அக்கா."

"சரி. இனி நீர் நித்திரை கொள்ளும். நான் முழிச்சிருக்கிறன்."

சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கோபமில்லாத குரல்தான். கோபப்பட்டிருந்தால் நல்லது.

விட்டதும் பிழை, சொன்னதும் பிழை. நீதிமன்றத்தில் இந்த மாதிரி ஆளை எதிர்த்தரப்பு லோயர் நார்நாராகக் கிழித்திருப்பார்.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. மழை. கௌரி நனைந்துகொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து கூழும் கொழுக்கட்டையும் கொண்டுவந்தாள். கூழ் நல்ல பதம். நான் இரண்டு கப். சுமனா ஒரு கப், "என்ன இது பாயசமா" என்று கேட்டுக்கொண்டே.

அக்கா தொடவில்லை. பசியில்லையாம். நெற்றியில் திருநீறும் இல்லை. கௌரி பயந்துபோய்க் காயத்தைப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள். மிஸ்ஸி எல்லாம் சரி என்றார்.

பிறகு கௌரி தும்மினாள். மழையில் நனைந்தால் தும்மல் வரும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கால் எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னபோதுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை. "தலையிடிக்குதோ? கழுத்து நோகுதோ? வெளிச்சம் கண்ணிலை குத்துதோ?" என்று அடுக்கினார். அவள் குழந்தையாக இருந்தபோது டொக்டர்மார் கேட்ட கேள்விகளாக இருக்கும்.

"தடிமன் அம்மா. சும்மா தடிமன்."

ஜூலை 19, சனி

கௌரிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அக்கா சாப்பிடுவது பாண் துண்டும் பிளேன் ரீயும். என்னோடு கதைக்கிறார், தேவைக்கு மட்டும். "ஃபேனைக் குறைக்கச் சொல்லும்." சொன்னேன்.

எனக்கு நித்திரை வருகிறது. அதுதான் இன்னும் கேவலம்.

ஜூலை 21, திங்கள்

அக்காவுக்கு இன்று டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு நாளை. வெயில், காற்று. தம்பியிடம் சொல்ல வேண்டியவை: ஊன்றுகோல் ரப்பர், வாடகை ஆட்டோ.

டொக்டர் வந்தார். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். நான் ஊன்றுகோலைத் தேடி எழும்புவதற்குள் ம. அக்கா தானாகவே சிங்களத்தில் தொடங்கிவிட்டார். சுத்தமான, பழைய ஒப்பரேட்டர் சிங்களம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, லைன் போட்டுக் கொடுக்கிற மாதிரி. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க்கட்டிலில் சுமனா வாயில் கை வைத்தாள். கோழிக்கறி மட்டுமா, புருஷனைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறாள்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. காலுக்குள் இருக்கும் அந்த மாட்டுத்தோல் எப்போது முழுதாகக் கரையும்?

டொக்டர் அவசரப்படாமல் பதில் சொன்னார். சில மாதம். வருஷம் முடியுமுன் ஒன்றும் மிஞ்சாது. கம்பியும் உங்கள் சொந்த எலும்பும் மட்டும்தான். அக்கா தலையாட்டினார். அப்படியானால் இந்த வருஷம் வேலுக்குப் பின்னால் நடக்கமாட்டேன், தள்ளி நிற்கிறேன் என்றார். அதையும் சிங்களத்தில்.

டொக்டர் போனபின் கௌரி அடைத்த குரலில் என்னிடம் கேட்டாள். "அம்மா என்ன கேட்டவ? நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

நான் ம. அக்காவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சொல்லும் பிள்ளை. இந்த முறை ஒண்டும் விடாமல்."

சொன்னேன். பூச்சு, மாடு, நான் விட்ட சொல், அவர் கேட்டும் கேளாமல் இருந்தது, வேல். நீதிமன்றக் குரலில் சொன்னேன். வேறு குரல் வரவில்லை.

கௌரி பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தாயின் நெற்றியில் நன்றாகப் பூசினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நேர்த்தி எனக்குத்தானே வைச்சனீங்கள்? பிழைச்சு முப்பத்திரண்டு வருசமாச்சு அம்மா. இனி உங்கடை காலைப் பாருங்கோ. வேலுக்குப் பின்னாலை நான் நடக்கிறன்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். தள்ளுவண்டிக்காரர் வந்தார். அக்கா என் கையைப் பிடித்து, பிறகு விட்டு, மேசையில் இருந்த காலை நேரக் கப்சூலை எடுத்தார். வழமைபோலப் பிரித்தார். கோதைச் சோசரில் வைத்தார். தூளை விழுங்கி முகத்தைக் கோணலாக்கினார்.

வாசலில் கௌரி தும்மினாள். தொடர்ந்து மூன்று.

"பனடோல் போட்டனியோ?" என்று அக்கா வண்டியில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பினார்.

"போட்டனான் அம்மா."

போடவில்லை. காலையில் என்னிடம்தான் கேட்டாள், என்னிடம் இருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.