மெசின் சூடு, சூசை இல்லை

செப். 18, வியாழன்

வறண்ட கச்சான் காற்று இன்னும் விடவில்லை. விடியவே வாய் உலர்கிறது. மேகம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

இன்றைய வேலை: சொறிக்கல்முனை, திரேசா அக்காவின் வயல், புழுதி உழவு. சுபஹ் தொழுதுவிட்டு நிந்தவூரிலிருந்து சின்ன மெசினை, அந்த ஜப்பான் டிரக்டரை, ஓட்டிக்கொண்டு போனேன். பகல் வரைக்கும் தங்கமான ஓட்டம். லுஹர் தொழுதுவிட்டு வந்து ஏறினால் பழைய கதை. முழுக்க மிதித்தும் கிழட்டு மாட்டு நடை. அடியில் ஒரு முனகல். ஒயில் நிற்கும் பின்பெட்டியில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

பாதி வயலோடு திரும்பி வந்தாயிற்று. அவமானம்.

என்ன வருத்தம் மெசினுக்கு என்று ஜெசீமா கேட்டாள். விளங்கப்படுத்தினேன். இதற்கு மற்ற டிரக்டரைப் போல கியர் மாற்றும் வேலை இல்லை. மிதித்தால் போகும். உள்ளே இருக்கும் ஒயில்தான் சில்லைத் தள்ளுகிறது. ஒயில் கொதித்தால் தண்ணீராய் இளகிவிடும், தள்ளப் பலம் இராது.

"அப்ப உங்களப் போலத்தான். சூடேறினா ஒண்டுக்கும் உதவாது."

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள். சொல்லட்டும்.

மகன் கட்டாரிலிருந்து போன். "வித்துப் போடுங்க வாப்பா. அக்கரைப்பற்றுக்காரர் ஆசையாக் கேக்கிறாரு. உங்களோட ஓட்டின சூசை மாமாவும் ஊரில இல்ல, இனி யாரோட போய் ஓட்டப் போறீங்க?" புதன்கிழமை அந்த மனிதர் பார்க்க வருகிறாராம். இவனே பேசி முடித்திருக்கிறான்.

ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டேன். மீன் ஆணம், கத்தரிக்காய்.

செப். 19, வெள்ளி

ஜும்ஆ. வயலுக்குப் போகவில்லை. காலையில் கல்முனைக்கு பஸ். ஒயில், வடிகட்டி வாங்கியாயிற்று. சீனி மறந்துவிட்டது, ஜெசீமாவிடம் பேச்சு.

பின்னேரம் மெசினோடு:
பழைய ஒயில் இறக்கிப் புதிது விட்டேன். பழையது கறுத்து, கருகிய வாடை.
வடிகட்டி மாற்றினேன்.
முன் வலை கழற்றித் தட்டினேன். ஒரு கை நிறைய வைக்கோல் தூள்.
ஒயில் கூலர்: சூடான ஒயில் போய் ஆறும் தகட்டுப் பெட்டி. அந்தத் தகட்டு இடுக்குகளைத் துடைக்க எதுவும் தோதாக இல்லை.

நட்டுக் கழற்றும் சாவிப் பெட்டியைக் கிளறினால் அடியில் சூசையின் பல் பிரஷ். தேய்ந்து மொட்டையாகி, பிடியில் கிறீஸ். கூலர் துடைக்கவென்றே வைத்திருந்தான். பிடியின் கிறீஸைச் சாரத்தில் தேய்த்து எடுத்தேன். பிறகு அதாலேயே துடைத்தேன். இதற்கென்றே செய்தது மாதிரி இடுக்கெல்லாம் போயிற்று.

இந்த மெசினைக் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டு வந்த நாள் ஞாபகம். இரண்டு பேரும் பின்னால், மெசினுக்குப் பக்கத்தில், சாக்கில் உட்கார்ந்து. எஞ்சின் மூடியின் பக்கத்தில் ஜப்பான் எழுத்து. "என்னடா எழுதியிரிக்கி?" என்று கேட்டேன். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடும் சூசை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான்: "காக்காவும் சூசையும், சண்டை பிடிக்கக் கூடாது." மகியங்கனை வளைவு முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். அந்த எழுத்து இப்போது வெயிலில் வெளிறி, பாதிதான் தெரிகிறது.

செப். 20, சனி

அதே வெயில். அதே காற்று. புதிய ஒயில், துடைத்த கூலர், பெரிய நம்பிக்கை.

லுஹர் வரை பறந்தது. லுஹருக்குப் பிறகு படுத்துவிட்டது. ஒரு வித்தியாசமும் இல்லை. மெசினைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தொழுத வாயால்.

திரேசா அக்கா ஒரு கோப்பை பிளேன்டி கொண்டு வந்தார். சூசையின் மூத்த அக்கா, மெசினையும் தம்பியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"அவன் இருக்கக்குள்ள இது ஒரு நாளும் இப்பிடி நிண்டதில்லையே."

"அவன் என்ன மந்திரமா போட்டான்?" என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. "மழைக்கு முதல் விதைக்கோணும் தம்பி. ஏலாட்டிச் சொல்லுங்க, பெரிய மெசினக் கூப்பிடுறன்." பெரிய மெசின் அந்தத் துண்டு வயலுக்குள் திரும்பினால் வரம்பு மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும். திங்களும் செவ்வாயும் தவணை கேட்டேன்.

மந்திரம் போட்டானோ இல்லையோ, நன்றாக நித்திரை கொண்டான். நான் வாய்க்காலில் கைகால் கழுவி உளூ எடுக்கும்போதே மெசினை வரம்புக்கு அப்பால் மருதமர நிழலுக்குக் கொண்டுபோய்விடுவான். தொழும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று தூரமாகப் போகச் சொன்னது நான்தான். ஆனால் எஞ்சினை நிறுத்தமாட்டான். இருக்கையில் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து வைத்திருப்பான். "நிப்பாட்டிட்டுப் படன்டா, டீசல் போகுது" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். "அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு காக்கா" என்பான்.

நான் திரும்பி வந்தால் தொப்பியை எடுக்காமலே கேட்பான்: "முடிஞ்சுதா? எனக்கும் சேத்துக் கேட்டீங்களா?"

"கேட்டன். உனக்கு ஒரு நல்ல முழங்கால்."

கடைசியில் அந்த முழங்கால்தான் அவனை மட்டக்களப்புக்கு, மகள் வீட்டுக்கு அனுப்பியது.

செப். 21, ஞாயிறு

வேலை இல்லை. சொறிக்கல்முனை கிறிஸ்தவ ஊர், ஞாயிறு கோயில் நாள். வெள்ளி எனக்கு லீவு, ஞாயிறு அவனுக்கு, இரண்டு நாளும் மெசினுக்கு. "இதுக்குத்தான் அரசாங்க உத்தியோகம்" என்பான் சூசை.

பல்லி ஒன்று சோற்றுப் பானை மூடியில். ஜெசீமாவின் கூச்சல். தென்னைக்குத் தண்ணீர். தொலைபேசிக் காசு போட வேண்டும்.

நோன்பு மாதத்தில் அவன் எனக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. மரத்துக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான், நான் கண்டுகொள்ளாதது போல் இருப்பேன். யேசு பிறந்த நத்தாருக்கு அவன் கேக், பெருநாளைக்கு எங்கள் வட்டிலப்பம். இதெல்லாம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் இன்று முழுக்க அதுதான் நினைவு. அந்த நாட்கள் இவ்வளவு நல்லவை என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

அவனுக்குப் போன் எடுக்கலாமா என்று மூன்று தரம் நினைத்தேன். எடுத்தால் மெசின் எப்படி என்று கேட்பான். விற்கப் பார்க்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? எடுக்கவில்லை.

செப். 22, திங்கள்

காற்று குறைவு, வெக்கை கூட. லுஹருக்குப் பிறகு அதே சூடு, அதே முனகல். மருதமரத்தடியில் மெசினையும் என்னையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. சூசை. திரேசா அக்கா சொல்லியிருக்கிறார்.

"என்ன காக்கா, மெசின் இழுக்குதில்லையாம்?"

எல்லாம் சொன்னேன். ஒயில், வடிகட்டி, வலை, அவனுடைய பல் பிரஷ்கூட. ம் ம் என்று கேட்டான்.

"தொழப் போகக்குள்ள என்ன செய்யிறீங்க?"

"என்ன செய்யிற? நிப்பாட்டிட்டுப் போறன்."

"அந்தச் சூட்டோடயா?"

"பின்ன? நான் தொழக்குள்ள அது கத்திக்கொண்டு இரிக்கட்டா?"

சிரித்தான். பழைய சிரிப்பு, கடைசியில் இருமலில் போய் முடிவது.

"காக்கா, எஞ்சினை நிப்பாட்டினா காத்தாடியும் நிண்டிரும். ஒயில் நிண்ட இடத்திலயே நிண்டு வேகும். பாரம் இல்லாம மெதுவா ஓடவிட்டா, அது சுத்திச் சுத்திக் கூலருக்குப் போய் ஆறி வரும். நான் என்ன, நித்திரை கொள்ளவா நிழலுக்குக் கொண்டு போன? காது முழுக்க அதிலதான். முனகல் அடங்கிச் சத்தம் தெளிஞ்சா ஆறிற்றுது எண்டு விளங்கும்."

நிறுத்தியிருந்த மெசினைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு கோபம் வந்தது.

"அப்ப இத்தின வருஷமா ஏன்டா செல்லல்ல?"

"நீங்க தொழப் போற மனிசன். சொல்லியிருந்தா தொழுகைக்குள்ளயும் மெசின்தான் நிக்கும் உங்களுக்கு. அது எண்ட வேலை எண்டு விட்டுட்டன்."

சால்வையால் முகத்தைத் துடைத்தேன். வியர்வை மட்டும் இல்லை. மாடுகள் மேயும் இடம், ஆளில்லாமல் ஓடவிட்டு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"பிரேக்கைப் போட்டு, பின்னால உழுற ரொட்டரிய சுத்தாம வெட்டிவிட்டு, கண்ணுக்கு எட்டின தூரத்தில தொழுங்க. போனை சீட்டில வச்சிட்டுப் போங்க. சத்தம் மாறினா நான் கத்துறன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"எனக்கு இஞ்ச என்ன வேலை காக்கா? காலை நீட்டிக்கொண்டு டிவி பாக்கிறன்."

செப். 23, செவ்வாய்

மேற்கே மேகம். முதல் மேகம்.

லுஹர். ரொட்டரியை வெட்டி, பிரேக் போட்டு, மருதமர நிழலில் மெதுவாக ஓடவிட்டேன். சூசைக்குப் போன் எடுத்து இருக்கையில் வைத்தேன். அவன் தொப்பியோடு சாய்ந்து கிடந்த அதே இடம். வாய்க்காலில் உளூ. வரம்புக்கு இப்பால் சாக்கை விரித்தேன்.

மெசின் சத்தம் கேட்டது. பாதகமில்லை. அவன் சொன்னது சரிதான், சொல்லாமல் விட்டதும் சரிதான். ஆனால் இன்று தொழுகைக்குள் மெசின் நிற்கவில்லை. சூசை நின்றான். அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும்.

கையேந்தியபோது முழங்காலைப் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டேன்.

போய்ப் பின்பெட்டியில் கை வைத்தேன். சூடுதான், ஆனால் வைத்திருக்க முடிந்தது. போனைக் காதில் வைத்தேன். நான் ஒன்று சொல்லுமுன்பே அங்கிருந்து வந்தது:

"முடிஞ்சுதா? எனக்கும் சேத்துக் கேட்டீங்களா?"

பின்னேரம் அஸர் தொழுகைக்கும் அப்படியே. மாலை, திரேசா அக்காவின் வயல் முடிந்தது. கடைசிச் சால் வரை முனகல் இல்லை.

செப். 24, புதன்

விடிய நாலு துளி மழை. திரேசா அக்கா இன்று விதைக்கிறார்.

அக்கரைப்பற்றுக்காரர் போன். "வெளிக்கிட்டுட்டன், வரட்டா?"

"வர வேணாம் தம்பி. விக்கல்ல. இதில இன்னும் ஒராள் வேலை செய்யிறார்."

மகன் கோபம். ஜெசீமா சோறு கட்டித் தந்தாள்.

இன்று கோயிலுக்குப் பக்கத்து வயல். போகுமுன் போனுக்கு நிறையச் சார்ஜ் ஏற்ற வேண்டும். லுஹருக்கும் அஸருக்கும் போத வேண்டும்.